ஹாரன் அடிக்காத சனிக்கிழமை

எங்கள் பள்ளியில் மாதம் ஒரு கச்சேரி நடத்துவது என்று பெரிய டீச்சர் முடிவெடுத்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். ஆண்டுவிழாவில் பிள்ளைகள் பாடுகிற பாட்டு இல்லை. மயிலாப்பூர்ச் சபாக்களில் வாசிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் திருவொற்றியூருக்கு வந்து எங்கள் பிரேயர் ஹாலில் வாசிப்பார்கள். அக்கம்பக்கத்தார் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், டிக்கெட் கிடையாது. இதைப் பற்றித் தெருவில் இரண்டு கருத்து நிலவியது. நல்ல விஷயம்தான் என்பது ஒன்று. சுண்டல் தருவார்களா என்பது மற்றொன்று.

சுண்டல் தந்தார்கள். அதனால் முதல் கச்சேரிக்கு எள் போட்டால் எள் விழாத கூட்டம். வந்தவர் வயலின் வித்வான். ஆனால் எங்கள் பள்ளி எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் அந்தச் சாலையில் காலை முதல் இரவு வரை வரிசையில் நிற்கும். அவர் வில்லை மெதுவாக இழுக்கும்போதெல்லாம் வெளியே ஒரு ஹாரன் அலறும். முதலில் சிரித்தார். நாலாவது முறை வில்லை மடியில் வைத்துவிட்டு, அது முடியட்டும் என்று காத்திருந்தார். அது முடிந்ததும் அடுத்தது ஆரம்பித்தது. மனிதர் சுண்டலைத் தொடாமலே காரில் ஏறிப் போனார்.

அடுத்த மாதம் வீணை. வீணை சன்னமான வாத்தியம் என்றும், அதுவும் காதில் விழாவிட்டால் இனி எந்த வித்வானும் இந்தப் பக்கம் வரமாட்டார், கச்சேரியையே நிறுத்த வேண்டியதுதான் என்றும் பெரிய டீச்சர் பிரேயரில் சொன்னார். பிறகு டிரெய்லர் ஓட்டுகிறவர்களின் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொன்னார். பாதிப் பள்ளி எழுந்து நின்றது. சனிக்கிழமை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை ஹாரன் அடிக்க வேண்டாம் என்று வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்றார். அலையடிக்காதே என்று கடலிடம் போய்ச் சொல்லச் சொன்ன மாதிரிதான். அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. வீணைக் கச்சேரிக்கு நன்றியுரை சொல்ல என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வகுப்பு டீச்சர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். அதை நான் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் சொல்லிச் சொல்லி, வீட்டில் யாரும் என் பக்கமே வராதபடி செய்துவிட்டேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்து நான் பேசுவதைக் கேட்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். அவரும் டிரெய்லர் ஓட்டுகிறவர். என் பிறந்தநாளுக்குக்கூட வரிசையில் நின்றவர்.

அப்பாவிடம் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். பள்ளியில் அவர் எனக்கு அப்பா, வீட்டில் நைனா. ஹாரன் விஷயத்தைக் கேட்டதும் அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

“ஹாரன் அடிக்காம லைனு எப்டிம்மா நவுரும்? முன்னால கீறவன் தூங்கினு இருப்பான். பின்னால கீறவன் அட்ச்சாத்தான் முய்ச்சுக்குவான். அவன் நவுரலன்னா சைடுல வர்றவன் பூந்துடுவான். அப்பால லைன்ல கீற அல்லாருக்கும் பேஜாரு.”

எனக்கு அதில் அக்கறை இல்லை. “நீ வருவியா, மாட்டியா நைனா?” என்று கேட்டேன். லீவு போட்டுவிட்டு வருவதாகச் சத்தியமே செய்தார். அம்மா அவருடைய வெள்ளைச் சட்டையை வெள்ளிக்கிழமையே இஸ்திரி போட்டு மாட்டிவைத்தாள்.

சனிக்கிழமை நான் மூன்று மணிக்கே பள்ளிக்குப் போய்விட்டேன். நாலரைக்கு அம்மா மட்டும் வந்தாள். பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். மேடையோரத்திலிருந்து நான் கையாலேயே கேட்டேன். அவளும் கையாலேயே, வருவார் என்றாள். கூட்டம் ஏறிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் பள்ளி ஆயா வந்து நிற்கவே, அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வீணை அம்மா வாசிக்க ஆரம்பித்தார். முதல் பாட்டு முழுக்க எல்லாரும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். ஹாரன் வரவில்லை. இரண்டாவது பாட்டிலும் வரவில்லை. மூன்றாவதில் அதை மறந்தே போனோம். ஒரு தந்தியை மீட்டிவிட்டு அது அடங்கும்வரை அவர் கண்ணை மூடிக் காத்திருப்பார். நாங்களும் காத்திருப்போம். அந்த ஹாலில் மின்விசிறி கிறீச்சிடும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பெரிய டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. தான் பிரேயரில் சொன்னதால்தான் இந்த அமைதி என்று அவர் நினைத்தார். வீட்டில் நான் சரியாகச் சொன்னதால்தான் என்று நான் நினைத்தேன். வகுப்பு டீச்சர் கடைசி நேரத்தில் என் தாளில் ஒரு வரி சேர்த்தார். அதன்படி, சாலையில் அமைதி காத்த போக்குவரத்துக் காவலருக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி என்று மைக்கில் கணீரென்று சொன்னேன். அந்தக் காவலர் தொடக்கத்திலிருந்தே இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். மைக் செட் அண்ணன், பந்தல்காரர், சுண்டல் அவித்த அம்மா, ஒருவரையும் நான் விடவில்லை. கைதட்டல் நன்றாகவே இருந்தது.

வெளியே என்ன நடந்தது என்பதைப் பதினாலு வருடம் கழித்து, என் நிச்சயதார்த்தப் பந்தியில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவே, என் மாமா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் அம்மாவின் தம்பி. அன்றைக்கு அந்த வரிசையில் அவருடைய வண்டியும் நின்றதாம். வெள்ளைச் சட்டையோடு அம்மாவுடன் வந்த அப்பா, இதோ வருகிறேன் என்று பள்ளி வாசலில் அவளை உள்ளே அனுப்பிவிட்டுச் சாலையில் இறங்கி நடந்திருக்கிறார். பெட்ரோல் பங்க் முதல் பஸ் ஸ்டாப் வரை முப்பது வண்டியாவது நின்றிருக்கும். ஒவ்வொரு கதவாகத் தட்டி, இரண்டு மணி நேரம் ஹாரனில் கை வைக்காதே, வண்டி நகரும்போது நானே வந்து எழுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சொன்னபடியே வரிசை நகர்ந்தபோதெல்லாம் முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டிவரை ஓடி, கதவு கதவாகக் கையால் அறைந்து எழுப்பியிருக்கிறார்.

“ஒருத்தன் எறங்கி சண்டைக்கே வந்துட்டான்,” என்றார் மாமா. “உள்ள பாடறது உங்க வூட்டு ஆளான்னு கேட்டான். எம் பொண்ணு மைக்குல பேசப் போதுன்னாரு உங்கப்பா. அவன் ஹாரனு இன்னா, இன்ஜினையே ஆஃப் பண்ட்டான்.”

கச்சேரி முடிகிற சமயம், இப்போதாவது உள்ளே போய் நான் பேசுவதைக் கேட்கும்படி மாமா அவரிடம் சொன்னாராம். தான் போனால் எவனாவது ஹாரனை அமுக்கிவிடுவான், பெண் பயந்து பேச்சை மறந்துவிடுவாள் என்று அப்பா மறுத்துவிட்டாராம்.

இலையை அப்படியே மூடிவிட்டு நான் எழுந்துவிட்டேன். சாப்பாடு சரியில்லையோ என்று மாப்பிள்ளை வீட்டார் பதறினார்கள்.

வீணை அம்மா ஊரெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த மாதம் புல்லாங்குழல் வந்தது, அதற்கடுத்த மாதம் வாய்ப்பாட்டு. நான் அந்தப் பள்ளியில் படித்தவரை கச்சேரி நிற்கவில்லை. லோடு இல்லாத சனிக்கிழமைகளில் அப்பா எங்களோடு பள்ளி வாசல்வரை வருவார், ஹாலுக்குள் வரமாட்டார். அவருக்குச் சங்கீதம் பிடிக்காது என்று தோழிகளிடம் சொல்லிவைத்தேன். ‘என் தந்தை’ என்ற கட்டுரையிலும் அப்படியே எழுதி, பத்துக்கு எட்டு மதிப்பெண் வாங்கினேன். இப்போது அவரிடம் கேட்டால், “அதெல்லாம் இன்னாத்துக்கு இப்போ?” என்பார்.

அந்த வீணைச் சனிக்கிழமை அவர் வீட்டுக்கு வரும்போது ஏழரை மணி. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். வெள்ளைச் சட்டை புகையில் கறுத்திருந்தது. வலது உள்ளங்கை வீங்கியிருந்தது. அம்மா வெந்நீர் வைக்கப் போனாள். டிரைவர்களோடு சேர்ந்து டீ குடித்து ஊர் சுற்றிவிட்டு வருகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

“நல்லா பேசுனியாமே, உங்கம்மா சொன்னா. எனக்கு ஒரு வாட்டி சொல்லும்மா, கேக்கறேன்.”

இரண்டு பக்கமும் எனக்குத் தலைகீழாகப் பாடம். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

“அது மேடையில சொல்றது,” என்றேன். “வந்தவங்களுக்குத்தான் சொல்றது.”

“அதுவும் சரிதான்,” என்று அப்பா எழுந்து கை கழுவப் போனார். சரியாகச் சொல்லிவிட்டோம் என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.