ஆளுக்கொரு பாட்டு

காலை பத்து மணிவரை என் தங்கை பேசமாட்டாள். வேண்டுமென்றால் தலையாட்டுவாள், வேண்டாமென்றால் கையை வீசுவாள். உப்புப் போட்ட வெந்நீரில் நான்கு முறை கொப்பளிப்பாள். கழுத்தைச் சுற்றி ஒரு பருத்தித் துண்டு இருக்கும். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் வாய் திறக்காமல் என் முதுகில் தட்டித்தான் சொல்வாள். வயது அறுபத்திரண்டு. பாடக் கூப்பிடுகிறவர்கள் இப்போது யாரும் இல்லை. "கூப்பிடாட்டி என்னக்கா, தொண்டைக்கு அது தெரியவா போகுது?" என்பாள், பத்து மணி அடித்த பிறகு. யாருக்காக அந்தத் தொண்டையைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இல்லம் நடத்தும் மதருக்காக. மதருக்கு எழுபத்தெட்டு முடிந்துவிட்டது, இதயம் பலவீனமாகிவிட்டது. ஆனால் அவரை அடக்கம் செய்யும் நாள் வரும்போது என்ன பாடுவது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

என் தங்கையின் குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவளுடையது என்று தெரிந்திருக்காது. பெரிய பாடகி மூச்சு வாங்கும் இடத்தில் நான்கு பெண்கள் பின்னாலிருந்து 'ஆ' என்று எழும்புவார்கள் அல்லவா, அதில் இடமிருந்து இரண்டாவதாக நின்றவள் அவள். இருபத்தேழு வருடம் கோரஸ். தனியாக ஒலித்தது ஒரே ஒரு தடவை, அதுவும் துணி சோப்பு விளம்பரத்துக்கு, பதினோரு வினாடி. வானொலியில் அது வரும்போதெல்லாம் தையல் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் கேட்பேன்.

ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில்தான் மதரை அவள் முதலில் பார்த்தாள். சாப்பாட்டு இடைவேளை. பழைய வேன் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஒரு கன்னியாஸ்திரி. வெள்ளை அங்கி, ரப்பர் செருப்பு, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். "உங்கள்ல பாடத் தெரிஞ்சவங்க யாரு?" என்று கேட்டாராம். நான்கு பேரும் சிரித்துவிட்டார்கள். அங்கே நின்றவர்களுக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். என் தங்கை மட்டும் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தாள், அதனால் அவள் ஏறிக்கொண்டாள். வேன் போய் நின்ற இடம் கல்லறைத் தோட்டம்.

தெருவில் ஆதரவில்லாமல் கிடப்பவர்களைத் தூக்கிவந்து, குளிப்பாட்டி, கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தை நடத்தியவர் மதர். இருபத்திரண்டு இரும்புக் கட்டில்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. அச்சிட்ட கேள்விகளுக்குக் கீழே மதர் தம் கையால் இன்னொரு கேள்வியைச் சேர்த்திருந்தார்: பிடித்த பாட்டு எது? இறந்தவர் எந்த மதமானாலும், யாரென்றே தெரியாதவரானாலும், குழிக்கரையில் அந்தப் பாட்டைப் பாடித்தான் மண் தள்ள வேண்டும். அது அவர் போட்ட சட்டம். ஆனால் அவருக்கும் சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம். கைதட்டினால் தாளம் ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும். முதலில் சில பேருக்கு அவரே பாடிப் பார்த்திருக்கிறார். "மதர், செத்தவங்க எந்திரிச்சு ஓடிடப் போறாங்க" என்று குழி வெட்டுகிறவர் சொன்ன அன்றுதான் பாடகி தேடி வேனை எடுத்தாராம்.

அன்றிலிருந்து வியாழக்கிழமை தோறும் என் தங்கை அந்த இல்லத்துக்குப் போனாள். கட்டில் கட்டிலாக நின்று பாட்டுக் கற்றுக்கொண்டாள். தாலாட்டு ஒன்றில் இரண்டே அடிதான் மிஞ்சியிருக்கும். படகுப் பாட்டு ஒன்றில் மெட்டு மட்டும் இருக்கும், சொல் இருக்காது. ஒரு அம்மாவுக்குப் பிடித்தது அந்தச் சோப்பு விளம்பரம். பாடியவள் எதிரே நிற்கிறாள் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவர் இறந்த அன்று தங்கை தயங்கினாள். குழிக்கரையில் விளம்பரம் பாடினால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டிருக்கிறாள்.

"அந்தம்மா சாமிப் பாட்டா கேட்டாங்க? சோப்புப் பாட்டுதானே கேட்டாங்க. பாடு" என்றார் மதர்.

மண் தள்ளி முடியும்வரை விட்டுவிட்டுப் பதினான்கு தடவை பாடினாள். நானும் போயிருந்தேன், எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு தடவையும் ஒரே சுருதி. தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை.

ஒரே ஒரு தடவை தவறு நடந்தது. படிவங்களைக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருப்பார்கள். ஒரு மழை நாளில் கூரை ஒழுகியதால் கட்டில்களை இடம் மாற்றிப் போட்டார்கள். படிவங்களை மாற்ற மறந்துவிட்டார்கள். மறுநாள் ஒருவர் இறந்தார். சுவரைப் பார்த்து, அதில் இருந்த பாட்டைப் பாடி அடக்கம் செய்துவிட்டு மதரும் தங்கையும் திரும்பினால், அந்தப் பாட்டுக்கு உரிய லாரி டிரைவர் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார்.

"என் பாட்டை எவனுக்கோ குடுத்துட்டு வந்துட்டீங்களேம்மா. இனிமே நான் எதை நம்பிச் சாவேன்?"

இருவரும் திருடிப் பிடிபட்டவர்களைப் போல நின்றார்களாம். வேறு பாட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று மதர் கெஞ்சியிருக்கிறார். டிரைவர் யோசித்தார். யோசித்து யோசித்து ஒன்பது மாதம் உயிரோடு இருந்தார். அடக்கமானவரின் குழிக்கு மறுநாளே இருவரும் போய், அவருடைய பாட்டைப் பாடி, மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தார்கள்.

அடக்கம் முடிந்த மாலைகளில் வேனின் படியில் உட்கார்ந்து இருவரும் தேநீர் குடிப்பார்கள். மதர் அவளைப் 'பாட்டுக்காரி' என்றே அழைப்பார். உங்களுக்கு எந்தப் பாட்டு என்று அங்கேதான் தங்கை கேட்பாள். எனக்கு எல்லாப் பாட்டும் ஒன்றுபோலத்தான் கேட்கிறது என்று மதர் சிரித்து மழுப்புவார். முப்பத்தொரு வருடம் இப்படியே போயிற்று.

இப்போது மதர் தம் இல்லத்திலேயே ஐந்தாம் கட்டிலில் படுத்திருக்கிறார். போன வியாழக்கிழமை தங்கை என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். புதுப் படிவம் ஒன்றை எடுத்துவந்து கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"இன்னைக்குச் சொல்லாம விடமாட்டேன் மதர். இத்தனை பேருக்குப் பாடிட்டு, உங்க குழிக்கரையில நான் ஊமையா நிக்கணுமா?"

மதர், "நீ பாட வேண்டாம். நம்ம சின்ன சிஸ்டருங்கள்ல ஒருத்தி பாடட்டும்" என்றார்.

தங்கையின் முகம் சுருங்கிப்போயிற்று. "என் குரல் போயிடுச்சுன்னு நினைக்கிறீங்களா?"

"குரலுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. ஆனா பாடுறவ அழ முடியாதே. இத்தனை வருஷத்துல குழிக்கரையில நின்னு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்பியா நீ? அழுதா சுருதி போயிடும்னு முழுங்கிட்டுப் பாடுவ. எனக்கும் அழறதுக்கு ஒருத்தி வேணும்ல, பாட்டுக்காரி?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். என் தங்கை மதரின் மைப் பேனாவைத் திறந்து, பாட்டுக்கு விட்டிருந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள். பிறகு நான்கு வரி மேலே போய், நெருங்கிய உறவினர் என்று அச்சிட்டிருந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள். உறவு முறை என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, 'தங்கை' என்று எழுதி, மை காய்வதற்காக மெதுவாக ஊதினாள்.