கண்ணை மூடச் சொன்ன டாக்டர்

ஐந்தாம் வகுப்பில் எனக்கு ஒரு வித்தை தெரிந்திருந்தது. இடது முழங்கைக்குக் கீழே, ஒரு காசைவிடச் சற்றுப் பெரிதாகத் தோல் வெளுத்திருந்த இடத்தில், காம்பஸ் முள்ளை வைத்து அழுத்துவேன். முகம் சுளிக்க மாட்டேன். அங்கே வலிக்கவில்லை என்பதுதான் உண்மை. பார்ப்பவர்களுக்கு அது வீரமாகத் தெரிந்தது. பக்கத்து வகுப்புப் பெண்கள்கூட இடைவேளையில் வந்து பார்த்தார்கள். வேறு எந்தப் புகழும் எனக்கு இல்லாததால் நாளுக்கு இரண்டு மூன்று முறை செய்து காட்டினேன்.

ஒரு நாள் டீச்சர் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. என் கையை நெடுநேரம் பார்த்துவிட்டு, அம்மாவை வரச் சொன்னார். அப்போதுதான் முதன்முதலாகப் பயம் வந்தது.

அன்று சாயங்காலம் அப்பா தறியில் உட்காரவில்லை. அப்பாவும் அம்மாவும், எங்களோடு இருந்த அத்தையும் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். வெளியே நின்ற எனக்குப் 'பெருவியாதி' என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. முதலாளிக்குத் தெரிந்தால் இனிமேல் நெய்யப் பட்டு கொடுக்க மாட்டார் என்று அப்பா சொன்னார். அத்தை செல்போனில் எதையோ தேடி எடுத்துக் காட்ட, அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் அத்தை குளிக்கப் போன நேரத்தில் அந்தப் படங்களை நான் பார்த்தேன். விரல்கள் இல்லாத கைகள். அதற்குப் பிறகு தினமும் கண் விழித்ததும் முதலில் என் விரல்களை எண்ணினேன். பத்தும் இருந்தன. நாளைக்கும் இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

எங்கள் ஆரணியிலிருந்து போளூர் போகும் வழியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. டீச்சர் அம்மாவிடம் போகச் சொன்னது அங்கேதான். அத்தைக்கு அது பிடிக்கவில்லை.

"அங்க போனா ஜல்தியா வுட மாட்டாங்க. பேரை மாத்திட்டு அங்கயே வச்சிகினு இருப்பாங்க" என்றாள்.

மற்றதையெல்லாம்விடப் பெயரை மாற்றுவார்கள் என்பதுதான் என்னை நடுங்க வைத்தது. பழைய பெயர் மறந்துபோனால் வீட்டுக்கு எப்படித் திரும்பி வருவது? பாவாடை மடிப்பின் உட்புறம் என் பெயரையும் அப்பா பெயரையும் தெருவையும் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக்கொண்டேன்.

அம்மாதான் அழைத்துப் போனாள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் சுவரில் ஒரு பெரிய படம். தாடி வைத்த ஒருவர் மண்டியிட்டு, நாற்காலியில் இருப்பவரின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பாத்திரம். காலை வெட்டப் போகிறார், பாத்திரம் ரத்தம் பிடிக்க என்று நானே முடிவு செய்தேன். அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி இழுத்தேன். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டே போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தாள்.

டாக்டர் ஒரு பெண். மிசோரத்திலிருந்து வந்தவர் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அன்று அவர் முகத்தைப் பார்த்து ஏதோ வெளிநாடு என்றுதான் நினைத்தேன். தமிழைப் புத்தகம் வைத்துக் கற்றுக்கொண்டவர் போலப் பேசினார். பத்து வயதான என்னை 'நீங்க' என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். மரியாதை கொடுத்து ஏமாற்றுகிறார் என்று அதற்கும் பயந்தேன்.

மெல்லிய நைலான் நூல் செருகிய ஒரு குச்சியை எடுத்தார். "கண்ணை மூடுங்க. நான் தொடும் இடத்தை விரலால் காட்டுங்க" என்றார்.

நான் மூடியதுபோல மூடி, இமை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே சரியாகக் காட்டினேன். எல்லா இடமும் சரி. வெளுத்த இடமும் சரி. கடைசியில் ஒருமுறை நூலைத் தோலருகே கொண்டுவந்து, தொடாமலே நிறுத்தினார். நான் அந்த இடத்தையும் காட்டினேன்.

அவர் குச்சியைக் கீழே வைத்தார். உறை போடாத வெறும் கையால், அந்த வெளுத்த இடத்தின்மேலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் அத்தை என் பக்கம் வருவதையே நிறுத்தியிருந்தாள். நான் அழுதுவிட்டேன்.

"இது தொழுநோய். மருந்து இருக்கு. ஆறு மாதம் சாப்பிட்டால் போயிடும். ஸ்கூலுக்குப் போகலாம். அம்மா பக்கத்திலேயே தூங்கலாம்" என்றார்.

பேரை மாத்துவீங்களா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. அட்டையில் என் பெயரைத் தமிழில் மெதுவாக எழுதி, சரியாக இருக்கிறதா என்று என்னிடமே காட்டினார். ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. நான் போட்டுக் கொடுத்தேன்.

அத்தோடு முடிந்தது என்றுதான் எழுந்தேன். வீட்டில் இருக்கும் எல்லாரையும் பார்க்க வேண்டும், முதலில் அம்மா என்றார் டாக்டர். எனக்கு ஒண்ணும் இல்லீங்க என்று அம்மா இரண்டு முறை சொன்னாள். பிறகு கைகளை மேசைமேல் வைத்துக் கண்ணை மூடினாள். நிஜமாகவே மூடினாள்.

நூல் அம்மாவின் கட்டைவிரலைத் தொட்டது, காட்டினாள். ஆள்காட்டி விரலைத் தொட்டது, காட்டினாள். சுண்டுவிரலைத் தொட்டது. அம்மா அசையவில்லை. நூல் வளைகிற அளவுக்கு டாக்டர் மறுபடி அழுத்தினார். அம்மா கண்ணை மூடியபடி, இன்னும் தொடவில்லை என்று காத்துக்கொண்டிருந்தாள்.

அதுவரை நான் பட்டதெல்லாம் பயமே இல்லை. மேசைக்கு அடியில் என் காலை நீட்டி, தொட்டுவிட்டார் என்று தெரிவிக்க அம்மாவின் பாதத்தை மிதித்தேன். அம்மாவுக்கு விளங்கவில்லை. மறுபடி மிதித்தேன். டாக்டர் குனிந்து எங்கள் கால்களைப் பார்த்தார். என் தலையில் கை வைத்தார்.

கண்ணைத் திறந்தபோது எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குப் பல வருடங்களாக இருந்திருக்கலாம், ஒரு வருடம் மருந்து சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். அம்மா அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எங்கிட்ட இருந்துதான் இவளுக்கு வந்துதுங்களா?"

டாக்டர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

"யாரிடம் இருந்து வந்ததுன்னு யாராலும் சொல்ல முடியாதும்மா. எனக்குத் தெரியாது" என்றார்.

அம்மா மேசைமேல் தலையை வைத்து அழுதாள். அவள் ஓயும்வரை அடுத்த ஆளைக் கூப்பிடாமல் டாக்டர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

எங்கள் இருவருக்குமே குணமாகிவிட்டது. அம்மாவின் சுண்டுவிரல் மட்டும் இன்றைக்கும் கொஞ்சம் மரத்தேதான் இருக்கிறது. ஆனால் அன்று ஆரணி பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு டாக்டர்மேல் பெரிய ஏமாற்றம். அவ்வளவு படித்தவர், கேட்ட ஒரே கேள்விக்குத் தெரியாது என்கிறாரே.

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியல மா. வேற ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்டி. இவங்களே போதும்" என்றாள்.

நான் சொன்ன பிறகும் அம்மாவுக்குப் புரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.