சந்தைக்கு வராத பங்கும் ஸரீனாவும்

வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டித் தரும்வரை காத்து நின்றபோது கைபேசி அடித்தது. எங்களோடு வேலை செய்த நிமல். என்னுடன் எப்போதும் சிங்களத்தில் கதைப்பவர், அன்று தமிழில் தொடங்கினார். "வசந்தி, ஸரீனா மிஸ் மௌத்தாப் போயிட்டாங்க." அந்தத் தமிழை அவருக்குப் பழக்கியதே ஸரீனாதான். சிறுநீரக நோய் இருந்தது எங்களுக்குத் தெரியும். இவ்வளவு கெதியில் இறந்துபோவார் என்று யாரும் நினைக்கவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய வெள்ளிக்கிழமைப் புரியாணி நினைவிருக்கும். சட்டியைத் திறக்குமுன்பே, "இறைச்சி கொஞ்சம் வேகல்ல, முன்னமே செல்லிட்டன்" என்பார். சாப்பிட்டால் பூப்போல வெந்திருக்கும். அலுவலகத்திலும் அவர் அப்படித்தான். எங்கள் காப்புறுதி நிறுவனம் மக்களின் பணத்தை எவற்றில் முதலிட்டிருக்கிறது, ஆண்டு முடிவில் அவற்றின் நியாயப் பெறுமதி என்ன என்று கணித்து ஆண்டறிக்கையில் விளக்குவது அவர் பொறுப்பு. பங்குச் சந்தையில் விற்கும் பங்கின் விலையை யாரும் பார்க்கலாம். சந்தைக்கே வராத பங்கின் விலையை நாங்கள்தான் கணிக்கவேண்டும். எப்படிக் கணித்தோம் என்பதையும் எழுதவேண்டும். "பாத்த வெலை வேற, நெனச்ச வெலை வேற வசந்தி. ரெண்டையும் கலந்து எழுதினா வாசிக்கிறவர் ஏமாந்து போவார்" என்பார்.

நாட்டின் பொருளாதாரம் நொடிந்து, பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம். தெற்குக் கரையில் ஒரு ஹோட்டலில் எங்களுக்குப் பங்கு இருந்தது. வருகிற பருவத்தில் அறைகள் நிரம்பிவிடும் என்று ஹோட்டல்காரர் எழுதி அனுப்பியிருந்தனர். அதை நம்பினால் பழைய பெறுமதியை அப்படியே வைத்திருக்கலாம். ஸரீனா நம்பவில்லை. "நேர்ல பாக்காம ஏலாது" என்று என்னையும் அழைத்துக்கொண்டு கோச்சி ஏறினார். கடலோரமாகப் போன அந்த ரயில் பயணம் முழுக்கப் பிள்ளைபோல ஜன்னலை விட்டு அகலாமல் இருந்தார். ஹோட்டலில் சாப்பாட்டு மண்டபக் கதிரைகள் அடுக்கிக் கிடந்தன. நீச்சல் குளம் பாசி பிடித்திருந்தது. மேலாளரே தேநீர் கொண்டுவந்து வைத்தார். விருந்தினர் எத்தனை பேர் என்று ஸரீனா சிங்களத்தில் கேட்க, அவர் சிரித்தார். "இந்த மாசம் வந்தது நீங்க ரெண்டு பேருந்தான், நோனா."

ஹோட்டல் பங்கின் பெறுமதியை அரைவாசிக்கும் கீழாகக் குறைத்து ஸரீனா கூட்டத்தில் வைத்தபோது, எங்கள் முகாமைத்துவப் பணிப்பாளரின் முகம் சிவந்தது.

"நாட்டில எல்லாமே விழுந்து கிடக்கு. இதையும் நீங்கள் விழுத்தவேணுமோ?"

"இல்லாத பெறுமதியக் காட்டினா காப்புறுதி எடுத்த ஆக்களுக்கு இந்த வருஷம் போனஸ் கூடக் குடுப்போம் சேர். பொறகு வாற ஆக்களுக்கு எங்கயிந்து குடுக்கிற?"

"நீங்கள் சொல்லுற விலை சரியெண்டு நிச்சயமாத் தெரியுமோ?"

"தெரியாது சேர்."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். ஸரீனாவின் குரல் மாறவில்லை. "தெரியாதுண்டுதான் எழுதப் போறன். எத்தன அறை நெறம்பும்டு நெனச்சோம், அது பொய்ச்சா வெலை எவ்வளவு மாறும், ரெண்டையும் போடுவோம்."

கணக்காய்வாளர்கள் அவர் பக்கம் நின்றார்கள். ஆண்டறிக்கையில் குறிப்பு அவர் சொன்னபடியே அச்சானது. ஆனால் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு அந்த வருடம் இன்னொருவருக்குப் போனது. ஸரீனா ஒரு கிழமை மட்டும் என்னோடு தேநீர் குடிக்க வரவில்லை.

பின்பு சுற்றுலாப் பயணிகள் திரும்பினார்கள். ஹோட்டலில் எங்கள் பங்கு விற்கப்பட்டது, ஸரீனா கணித்ததைவிடக் கூடிய விலைக்கு. "ஸரீனா, உங்கட கணக்குப் பிழைச்சுப் போச்சே" என்று பணிப்பாளர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

"ஓம் சேர், பிழைதான். வெள்ளக்காரர் இவ்வளவு கெதியா வருவாங்கண்டு நான் நெனக்கல்ல. எந்த எடத்தில பிழைச்சேன்டு அந்தக் குறிப்பிலயே ஈக்கி."

பணிப்பாளர் அறிக்கையை எடுத்து, அறைகள் கூட நிரம்பினால் விலை எவ்வளவு ஏறும் என்றிருந்த அந்தப் பக்கத்தை வாசித்தார். "ஓம், இருக்குத்தான்" என்றார். ஸரீனா மனம்விட்டுச் சிரித்தார். தன் பிழையைச் சொல்லி அவ்வளவு இலகுவாகச் சிரித்தவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மரணச் செய்தி கேட்டு நான் போனபோது, கிராண்ட்பாஸில் ஸரீனாவின் வீட்டில் பெண்கள் கூடியிருந்தார்கள். அவருடைய தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்தா ஒபிஸ்ல என்ன வேல செஞ்சாண்டு எங்களுக்குச் சரியாத் தெரியா. நீங்க செல்லுங்களேன்" என்றார். நான் ஹோட்டல் கதையைச் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். "அவவுக்கு அப்படித்தான். எனக்குக் கலியாணம் பேசக்குள்ள மாப்பிள வீட்டாரிட்ட என்ட கோவத்தயும் செல்லிட்டுத்தான் வந்தா. அதனாலதான் இவர் இண்டைக்கும் பொறுத்துப் போறார்."

இப்போதெல்லாம் எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கை கையில் கிடைத்தாலும், பளபளக்கும் முன்பக்கங்களைத் தாண்டி, பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும் விளக்கங்களிலிருந்தே வாசிக்கத் தொடங்குகிறேன். அந்த வரிகளுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து யோசித்திருப்பார், யாரோடாவது வாதாடியிருப்பார் என்று எனக்குத் தெரியும். முகம் தெரியாத அந்த மனிதரை மதித்து வாசிக்கும் பழக்கம் ஸரீனா எனக்குத் தந்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.