வியன்னாவுக்குக் கட்டுச்சோறு

லுத்விக்குக்கு அறுபத்தெட்டு வயதாகியும் ஓர் ஆசை மட்டும் தீரவில்லை. வெள்ளை விரிப்புப் போட்ட மேசை முன்னால் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும், கையில் துண்டை மடித்துப் போட்ட ஒருவர் வந்து, இடுப்பை லேசாக வளைத்து, "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். வருகிற சாப்பாடு எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

செக் நாட்டுப் புர்னோ நகரத்தில் டிராம் ஓட்டிய காலத்தில் பிடித்த வியாதி இது. ரயிலடிக்குப் போகும் வழியில் ஒரு சிக்னல். அதற்கு நேரே ஓர் உணவகத்தின் கண்ணாடி. சிவப்பு விழும்போதெல்லாம் உள்ளே யாரையோ யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள். கேட்கப்பட்டவர் மோவாயைத் தடவுவார். பச்சை விழும். அந்த மனிதர் என்ன சொன்னார் என்று தெரியாமலே டிராம் நகர்ந்துவிடும்.

லுத்விக்கை வாழ்க்கையில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் தட்டில் போட்டார்கள். பட்டாளத்தில் தட்டில் எறிந்தார்கள். டிப்போ கேன்டீனில் திங்கட்கிழமை என்றால் பருப்பு, முறையீடு கிடையாது. பீர்க்கடையிலோ, குவளை காலியானால் கேட்காமலே அடுத்தது வந்து நிற்கும். போதுமென்றால் அதன்மேல் அட்டையை வைத்து மூடிக்கொள்ள வேண்டும். வீட்டில் யர்மிலா. பாலர் பள்ளியில் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். "இருநூறு பிள்ளைங்ககிட்ட என்ன வேணும்னு கேட்டா இருநூறு பதில் வரும்" என்பது அவள் சித்தாந்தம். அதனால் இருநூற்று ஒன்றாவது பிள்ளையான புருஷனையும் அவள் கேட்டதில்லை. வெளியே சாப்பிடலாமா என்று அவர் வாயெடுத்தால் போதும், "ஏன், என் கைக்கு என்ன கேடு?" என்பாள். அதோடு பேச்சு முடிந்தது.

ஆகவே, கிறிஸ்துமஸுக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறேன், வீட்டுக்கு வரமாட்டேன் என்று மகன் சொன்னபோது யர்மிலா கண்ணைக் கசக்கினாள். லுத்விக்கோ நேரே போய்ப் பேருந்துச் சுற்றுலாவில் இரண்டு இடம் பிடித்துவிட்டு வந்தார். வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட். மூன்று நாளில் மூன்று தலைநகரம். விடுதியில் காலை உணவு மட்டும். அந்த 'மட்டும்' என்ற சொல்லைப் படித்தபோது அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் வீடு முழுக்கப் பொரிக்கிற வாசனை. யர்மிலா பன்றித்தொடைக் கறியைத் தட்டித் தட்டி, மாவில், முட்டையில், ரொட்டித்தூளில் புரட்டி, ஷ்னிட்சலாகப் பொரித்து மலைபோல் குவித்திருந்தாள்.

"யாருக்கு இவ்வளவு?"

"வழியில பசிக்காதா?"

"வியன்னாவுக்குப் போறோம் யர்மிலா. ஷ்னிட்சலே அந்த ஊர்ச் சாப்பாடு!"

"அதத்தான் சொல்றேன். அவங்க என்னத்தப் பொரிச்சுப் போடுவாங்களோ, யாரு கண்டா."

திருநெல்வேலிக்கே அல்வா கட்டிக்கொண்டு போவதைப் பற்றி லுத்விக்குக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தால் சொல்லி அழுதிருப்பார்.

வியன்னாவில் பனி தூறியது. பெரிய உணவகம் ஒன்றின் வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டியிருந்த உணவுப் பட்டியலை லுத்விக் வேதம்போல் படித்துக்கொண்டிருந்தார். கோட்டின் நுனியை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

"ஏய்யா, அங்க ஒரு பெஞ்ச் காலியா இருக்கு. ஓடி வா, யாராவது உக்காந்துறப் போறாங்க."

அந்தப் பனியில் அந்தப் பெஞ்சில் உட்கார யர்மிலாவைத் தவிர யாருக்கும் எண்ணமில்லை. கையுறையோடு சாப்பிட்டார்கள். கண்ணாடிக்கு உள்ளே இருந்தவர்களும் ஷ்னிட்சல்தான் சாப்பிட்டார்கள். வெளியே இருந்து ஒரு ஷ்னிட்சல் உள்ளே பார்த்தது. உள்ளே இருந்து ஒரு ஷ்னிட்சல் வெளியே பார்த்தது. கையில் துண்டு போட்ட பரிசாரகர் ஒருவர் மட்டும் லுத்விக்கைப் பார்த்து, வருத்தமாகத் தலையை அசைத்தார்.

இரவு விடுதி அறையில் யர்மிலா ஷ்னிட்சல் இருந்த நீலப் பையைத் துணிக்கயிற்றில் கட்டி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டாள். குளிரில் கெடாதல்லவா. சிறிது நேரத்தில் வரவேற்பறையிலிருந்து தொலைபேசி. ஜன்னலில் ஏதோ தொங்குகிறதாமே?

"பயப்படாதீங்க, சாப்பாடுதான்" என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் அவள் ஆறுதல் சொன்னாள்.

பிராட்டிஸ்லாவாவில் மழை. பேருந்துக்குள்ளேயே விருந்து. கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு என்று ஒரு சொலவடை உண்டு. யர்மிலாவின் பைக்கு அது பொருந்தவில்லை. அட்சய பாத்திரம்போல் எடுக்க எடுக்க வந்தது. ஊர்சுற்றிக் காட்டும் ராதிம் என்ற இளைஞன் மூன்று தின்றுவிட்டு விரலைச் சூப்பினான்.

"யர்மிலாம்மா, ஒங்க வீட்டுக்காரர் குடுத்து வச்சவரு."

"அது அவருக்குத் தெரியணுமே தம்பி" என்றாள் அவள். லுத்விக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிரே ஓர் உணவகத்தில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மிச்சம் புடாபெஸ்ட் ஒன்றுதான். இருபத்துநாலாம் தேதி காலை, யர்மிலா பல் துலக்கப் போன நேரம், லுத்விக் ஜன்னலைத் திறந்தார். நீலப் பை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கீழே முற்றத்தில் விடுதிக் காவலாளியின் இரண்டு நாய்கள். மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு முடிச்சை அவிழ்த்தார்.

"ஐயையோ, காத்துல விழுந்துருச்சு!"

யர்மிலா வாயில் நுரையோடு வந்து எட்டிப் பார்த்தாள். கீழே நாய்களின் வால்கள் மட்டும் தெரிந்தன. போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். பிறகு, "சரி, இன்னிக்கு எங்கயாவது உக்காந்து சாப்பிடுவோம்" என்றாள்.

லுத்விக்குக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானமே போயிருக்கலாம். ஆனால் மெழுகுவத்தி வேண்டுமே! சாயங்காலம்தான் என்று அடம்பிடித்தார்.

"இன்னிக்கு கிறிஸ்துமஸ் ஈவுய்யா. சாயங்காலம் கடை இருக்குமா?"

"இது தலைநகரம் யர்மிலா! தலைநகரத்துலயா கடைய அடைப்பாங்க?"

அடைத்தார்கள். அத்தனை பேரும் வீட்டுக்குப் போய் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். டிராம்கூட நின்றுவிட்டது, ஒரு டிராம்காரருக்கு இதைவிட என்ன அவமானம்? தெருத்தெருவாக இரும்புக் கதவுகளைத் தட்டிப் பார்த்தபடி நடந்தார்கள். அவர் வயிறு சத்தமாகவே பேசியது.

"அந்த நாய்ங்க இப்ப என்ன பண்ணுதோ" என்றாள் யர்மிலா, யாரிடமோ சொல்வதுபோல்.

கடைசியில் ஒரு சந்தில் சிவப்பு விளக்கு. சீன உணவகம். உள்ளே கடைக்காரம்மா மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த துண்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். லுத்விக் தொண்டையைச் செருமி, முதுகை நிமிர்த்தித் தயாரானார்.

"எல்லாம் தீந்துருச்சு. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. உக்காருங்க" என்று அரைகுறை ஜெர்மனில் சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

கேட்கவில்லை! இங்கேயும் கேட்கவில்லை!

தட்டு வந்தது. பன்றித்துண்டு. மாவில் புரட்டிப் பொரித்தது. லுத்விக் அதைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது. யர்மிலா சிரித்த சிரிப்பில் மேசை குலுங்கியது. ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தாள்.

"மாவு ஜாஸ்தி. மொறுமொறுப்பு பரவால்ல." பிறகு முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "லுத்விக், அது நான் போட்ட முடிச்சு. காத்துக்கு அவுருமா?"

லுத்விக் தன் தட்டை ஓரமாகத் தள்ளினார். "அப்ப ஏன் காலையிலயே கேக்கல?"

"ஒரு மனுஷன் என் ஷ்னிட்சல நாய்க்குப் போடணும்னா, அவனுக்கு எவ்வளவு ஆசையா இருந்திருக்கணும். அத யோசிச்சேன், கோவம் போயிருச்சு."

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரம்மா திரும்பி வந்தாள். இடுப்பை லேசாக வளைத்தாள்.

"சூப் ரெண்டு வகை கொஞ்சம் இருக்கு. காரமா, புளிப்பா? எது வேணும் ஐயா?"

லுத்விக் மோவாயைத் தடவினார். கூரையைப் பார்த்தார். மறுபடி மோவாயைத் தடவினார். கடைக்காரம்மா கால் மாற்றி நின்றாள். யர்மிலா, இருநூறு பிள்ளைகளை ஒரு தட்டலில் அடக்கியவள், வாயைத் திறக்காமல் காத்திருந்தாள்.

"காரம்" என்றார் லுத்விக், தீர்ப்பு வழங்குவதுபோல்.

காரம் என்றால் என்னவென்று புர்னோக்காரருக்கு எப்படித் தெரியும்? முதல் கரண்டியிலேயே கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. மூக்கு ஒழுகியது, காது சிவந்தது. ஆனாலும் கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

யர்மிலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதய்யா. இவ்வளவு ஏங்கியிருப்பேன்னு எனக்குத் தெரியலயே. இனி வீட்டுல நானே கேக்கறேன்."

அவர் மறுக்கவில்லை. மறுக்க நாக்கு இல்லை.

சொன்னபடியே செய்கிறாள். இப்போதெல்லாம் மத்தியானம் லுத்விக் மேசையில் உட்கார்ந்ததும், கையில் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"என்ன சாப்பிடுறீங்க?"

"என்ன இருக்கு?"

"ஷ்னிட்சல்."

லுத்விக் மோவாயைத் தடவுகிறார். கூரையைப் பார்க்கிறார். அவசரமே படுவதில்லை.

"அப்ப," என்கிறார் கடைசியில், "ஷ்னிட்சலே கொண்டு வாங்க."