மாமாவின் விரல் அறியாத சூடு

என் மாமா இருபத்தெட்டு வருடமாக ரொட்டி சுடுகிறார். அடுப்பிலிருந்து தட்டை வெறுங்கையால் இழுத்து மேசையில் வைத்துவிட்டு, அதன் பிறகுதான் சாவகாசமாகக் கைத்துணியைத் தேடுவார். பேக்கரியில் அவருக்குப் பெயரே 'இடுக்கி'. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிப் படி ஏறியவள் நான். ஏற்றிவிட, அம்மாவிடம் மல்லுக்கு நின்றவர் அவர்.

பத்து நாளாக மாவு உப்பவில்லை. ரொட்டி செங்கல்லாக வந்தது.

"உனக்குக் கை போயிடுச்சு இடுக்கி. திங்கட்கிழமைக்குள்ள சரியாகலைன்னா வேற ஆளைப் பாக்கணும்" என்றார் முதலாளி.

"கையா? இத்தனை நாளும் கட்டி ஈஸ்டை அப்படியே மாவுல உதிர்த்தேன். இப்ப வெதுவெதுன்னு தண்ணியில கரைக்கற பொடி ஈஸ்டைப் புதுசா வாங்கிப் போடுறீங்களே, அதுதான் செத்துக் கிடக்கு."

அன்று மாலை மாமா என்னிடம் வந்தார். "அது செத்திருக்கா, உசிரோட இருக்கான்னு உங்க படிப்புல பாக்க முடியுமா பாப்பா?"

முடியும். நான் ஒரு பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர். தலைமையாசிரியையிடம் கேட்டு, சனிக்கிழமை மதியம் நுண்ணோக்கியோடும் ஒரு குப்பி நீலச் சாயத்தோடும் பேக்கரிக்குப் போனேன். ஈஸ்ட் பொடி போலத் தெரிந்தாலும் அதில் ஒவ்வொன்றும் ஒரு தனிச் செல், ஒரு முழு உயிர். சர்க்கரையைத் தின்று வாயுவை விடும். அந்த வாயுதான் மாவை உப்பவைக்கும். உயிருள்ள செல் நீலச் சாயத்தைத் தன்னுள் தங்கவிடாது, நிறத்தை அழித்துவிடும். செத்த செல்லுக்கு அந்தத் திராணி இல்லை, அப்படியே நீலமாகிவிடும்.

பொட்டலத்து ஈஸ்டைப் பச்சைத்தண்ணீரில் கரைத்துப் பார்த்தேன். கண்ணாடி மணிகளாக, கண்ணுக்கெட்டியவரை நிறமற்ற வட்டங்கள். அங்கங்கே மட்டும் ஒன்றிரண்டு நீலம். எனக்கு வேறு பதில் வேண்டியிருந்தது. இன்னொரு சொட்டு எடுத்தேன். அதுவும் உயிரோடுதான்.

பிறகு மாமா அப்போதுதான் கரைத்திருந்த வாளியிலிருந்து ஒரு சொட்டு. எல்லாம் நீலம்.

நான் தலையை நிமிர்த்தவில்லை. சொல்லலாமா? என்னைப் படிக்கவைத்தவர் மேல் குற்றம் சாட்டத்தானா இந்தப் படிப்பு? ஆனால் மாமா என்னை நகர்த்திவிட்டு ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். இரண்டு கண்ணாடித் துண்டுகளையும் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார்.

"நீலம் என் வாளியா?"

"ஆமா மாமா."

நான் அந்த வாளிக்குள் விரலை விட்டேன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "கொதிக்குது மாமா!"

"இதுவா? வெதுவெதுன்னுதானே இருக்கு." மறுபடி விரலை முக்கினார்.

தோலின் மேலடுக்கு முழுவதும் செத்த செல்கள், உள்ளே இருக்கும் உயிருள்ளவற்றுக்குக் கவசம் என்று எத்தனையோ தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தக் கவசம் ஒரு மனிதரின் விரலில் வருடக்கணக்கில் கனத்துக் கனத்து, சூட்டையே மறைத்துவிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

"ஒரு கரண்டியில எத்தனை இருக்கும்?"

"உலகத்துல இருக்கற மொத்த ஜனத்தைவிட அதிகம் மாமா."

"அடேயப்பா!" என்றார், கிசுகிசுப்பாக. "அத்தனையும் வாய் தெறந்து ஒரு வார்த்தை சொல்லலையே."

முதலாளி உள்ளே வந்தார். "என்னய்யா, சினிமாவா? எது செத்தது?"

நான் வாயெடுப்பதற்குள் மாமா சொன்னார்: "உங்க சரக்கு நல்ல சரக்குங்க. நான்தான் வெந்நீர்ல கொன்னிருக்கேன். கைக்குச் சூடு தெரியலை."

முதலாளி அவர் விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிண்டல் எதுவும் வரவில்லை. "சரி, இப்ப எப்படித் தெரிஞ்சுக்குவே?"

மாமா சட்டைக்கையை மடித்துவிட்டு, முழங்கை மடிப்பில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். "ஸ்ஸ்" என்றார். பச்சைத்தண்ணீர் கலந்து மறுபடி ஊற்றினார். மூன்றாம் தடவைதான் தலையசைத்தார். மாவு பிசைந்து ஈரத்துணி போட்டு மூடினார். ஒரு மணி நேரத்தில் துணி மெல்ல மெல்ல மேலே வந்தது. முதலாளி அதை விரலால் அமுக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"திங்கட்கிழமை வழக்கம்போல வந்துடு இடுக்கி."

மாமா நுண்ணோக்கியில் கவிழ்ந்திருந்தார். புது வாளியிலிருந்து சாயம் சேர்க்காமல் வைத்த சொட்டு அது. ஒரு செல்லின் ஓரத்தில் குட்டியாக ஒரு மொட்டு முளைத்திருந்தது.

"முதலாளி கூப்பிடுறார் மாமா."

"இரு பாப்பா, சத்தம் போடாத. இது பெத்துக்கிட்டிருக்கு."