ஈரத் துண்டு

ஆவுடையப்பன் துண்டைக் குழாயடியில் நனைத்துப் பிழிகிறார். குளிப்பதற்கு அல்ல. பிழிந்த துண்டை சைக்கிளின் ஹேண்டில்பாரில் போடுகிறார். பின்சக்கரத்தைத் தூக்கி, மிதியைச் சுற்றி, டைனமோ விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார். பெல்லை அடித்துப் பார்க்கிறார். அப்புறம்தான் வீட்டுக்குள் குரல் கொடுப்பார்: "ஏட்டி, வா. இருட்டிட்டு."

தென்காசியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவர். சைக்கிள் கடைக்காரர் என்றால் வேகத்தில் பிரியம் இருக்கும் என்று நினைப்போம். இவருக்குப் பிரேக்கில்தான் பிரியம். அந்தி சாய்ந்துவிட்டால் விளக்கில்லாத சைக்கிளை யார் கேட்டாலும் தரமாட்டார். "நீ ரோட்டப் பாக்கதுக்கா வெளக்கு? ஒன்ன லாரிக்காரன் பாக்கணும்லா" என்பார்.

அவர் மனைவி சண்முகசுந்தரிக்கு போலீஸில் சேர ஆசை. அடுத்த மாதம் பாளையங்கோட்டையில் பெண் போலீஸ் ஆளெடுப்பு. ஓட்டத்தில் தேற வேண்டும். வரும் வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். பகலில் ஓடிப் பழகலாம் என்றால், தெருவே வாசலுக்கு வந்துவிடுகிறது. "பொம்பள ஓடுதாளே, யாரு வெரட்டுதா?" என்று ஒருத்தி கேட்டது ஆவுடையப்பனுக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இருட்டு.

குற்றாலத்துக்குச் சற்று முன்பு வரை அவள் கேரியரில் போவாள். அங்கிருந்து வீட்டுக்கு ஓட்டம். சேலையைத் தூக்கிச் செருகி, மேலே புருஷனின் வெள்ளைச் சட்டை. அவள் சாலையோரமாக ஓட, இவர் ரோட்டுப் பக்கமாக ஒட்டியே மிதித்து வருவார். "தட்டுனா மொதல்ல என்னத் தட்டட்டும்." மேலகரத்து நாய்களுக்கு என்று பையில் பொறை ரொட்டி. பாலத்தருகே பாம்புக்காக விடாமல் பெல். பாம்புக்குக் காது கேட்குமா என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

துண்டு எதற்கென்றால், பஸ்ஸுக்கு. கடையடைத்துவிட்டு அருவிக்குக் குளிக்கப் போகிற ஊர்க்காரர்கள் அதில் நிறைந்திருப்பார்கள். பஸ் வெளிச்சம் தெரிந்ததும் பிரேக்கைப் பிடிப்பார். அவள் கேரியரில் ஏறி ஈரத் துண்டைத் தோளில் போர்த்திக்கொள்வாள். புருஷனும் பெண்டாட்டியும் குளித்துவிட்டுத் திரும்புகிறார்கள், அவ்வளவுதான். லாரிக்காரன் கண்ணில் படவேண்டும், ஊர்க்காரன் கண்ணில் படக்கூடாது. ஒரே ரோட்டில் இரண்டும் நடக்கும் என்றுதான் அவர் நம்பியிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாரல். பஸ் வந்தது, பிரேக்கைப் பிடித்தார். அன்றைக்கு அவளுக்கு ஓட்டம் நன்றாகப் பிடித்திருந்தது; நிற்க மனசில்லாமல் போய்க்கொண்டே இருந்தாள். சைக்கிள் நின்றதும் டைனமோ விளக்கு அணைந்துவிட்டது. எதிரே விளக்கு எதுவும் தெரியாததால் ரோடு காலி என்று நினைத்த டிரைவர், முன்னால் போன மாட்டுவண்டியைத் தாண்ட இந்தப் பக்கம் ஏறிவிட்டார். வெள்ளைச் சட்டை ஒரு கணம் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஆவுடையப்பன் ஓடினார். அவள் பஸ்ஸுக்கு விலகி ஓரத்துச் சகதியில் விழுந்து, முழங்கால் சிராய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கு நிப்பாட்டுனிய?"

"பஸ்ல நம்ம ஆளுவ இருப்பாவல்லா..."

"பாத்தா பாத்துட்டுப் போறாவ. நீங்க நின்னா வெளிச்சம் போயிருதுல்லா."

ஊருக்கெல்லாம் விளக்கைப் பற்றிச் சொல்கிற மனுஷர், தன் பெண்டாட்டிக்கு எரிந்த விளக்கைத் தானே அணைத்திருக்கிறார்.

முழங்கால் ஆறியதும் மறுபடி கிளம்பினார்கள். குழாயடிக்குப் போகாமல் கொடியிலிருந்து துண்டை அப்படியே உருவி எடுத்தார்.

"நனைக்கலியா?"

"வேர்வை தொடைக்கதுக்கு ஈரத் துண்டு எதுக்கு?"

மேலகரம் தாண்டியதும் எதிரே பஸ் வெளிச்சம். பழக்கதோஷம், விரல்கள் பிரேக்குக்குப் போயின. எடுத்துக்கொண்டார். சண்முகசுந்தரி நிமிர்ந்து பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தாள். பஸ் தன் பக்கத்திலேயே ஒதுங்கி வந்தது. ஜன்னல்களில் இருந்தவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள்.

"அண்ணாச்சி, மதினி எங்கன ஓடுதாவ?" என்று ஒரு குரல் கேட்டது.

ஆவுடையப்பன் காய்ந்த துண்டால் முகத்தை ஒருமுறை துடைத்துவிட்டு, விளக்கு இன்னும் பிரகாசமாக எரியும்படி ஓங்கி மிதித்தார்.