பேர்பெச்சுவா சம்மதித்த கதை

பேர்பெச்சுவாவுக்கு நிலக்ஷனைக் கண்ணில் காட்டக்கூடாது. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. 2008ஆம் ஆண்டு கோடையில், சனமெல்லாம் அந்தப் பொடியனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியபோது, அவன் பெயரைக் கேட்டதும் பல்லைக் கடித்த ஒரே தமிழ்ச் சீவன் அவள்தான். பொறாமை என்றார்கள். தன் பிள்ளை இன்னும் நாலாம் வகுப்பு, மற்றவள் பிள்ளை மேடை ஏறினால் வயிறு எரியாதா என்றார்கள். எரிந்தது உண்மைதான். ஏன் எரிந்தது என்று ஒரு மனிசராவது கேட்டார்களா? கேட்கவில்லை.

அவள் மன்னார் பேசாலைக்காரி. தொண்ணூற்றாறில் அகதியாக ஜேர்மனிக்கு வந்தாள். பான் நகரிலிருந்து ரயிலில் போகக்கூடிய ஒரு பட்டினத்தில் வீடு, அங்கேயே ஒரு பல்கலைக்கழகம். எது என்று சொல்லவேண்டாம், வீண் வம்பு. மாணவர்கள் சாப்பிடுகிற உணவகத்தை அங்கே மென்சா என்பார்கள். அந்த மென்சாவின் பின்புறத்தில், ஆவி பறக்கும் இயந்திரத்துக்கு முன்னால் நின்று தட்டுக் கழுவுவதுதான் அவள் வேலை. விடியற்காலை போனால் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவாள். பள்ளிக்கூடத்தால் வருகிற மகள் அன்னாவுக்குச் சோறு போட்டு, பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடம் செய்விப்பாள். புருசன் அன்ரனுக்குப் பொதிகள் பிரிக்கிற இடத்தில் பின்னேர வேலை, மூன்று மணிக்குக் கிளம்பினால் வர நடுச்சாமம் ஆகும். ஆக, பின்னேரம் முழுக்கப் பிள்ளைக்குத் தாய்தான். தாயும் வேறொன்றும் கேட்கவில்லை.

வேலை எடுத்துக் கொடுத்தது கிறிஸ்தோப்பர் அண்ணை, நிலக்ஷனின் தகப்பன். அவர் முன்பு அதே மென்சாவில் வேலை செய்தவர், போகும்போது இவளுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அதை அவருடைய மனைவி புஸ்பவதி ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் பிறந்தநாளா, முதல்நன்மையா, சட்டி தூக்கப் பேர்பெச்சுவாதான் போகவேண்டும். அவளும் முகம் சுளிக்காமல் போனாள். நன்றி கெட்டவள் என்ற பெயர் நமது ஆட்களிடையே எவ்வளவு பொல்லாதது என்று அவளுக்குத் தெரியும்.

நிலக்ஷன் அதே பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தான். படித்தான் என்பதைவிட, படிப்பைத் தவிர மற்றதெல்லாம் செய்தான். மாணவர் மன்றம், கூட்டம், துண்டுப் பிரசுரம். நல்லாகப் பேசுவான், நல்லாகச் சிரிப்பான். மென்சா மத்தியானத்தோடு மூடிவிடுகிறது, நூலகத்தில் இரவு வரை இருந்து படிக்கிற பிள்ளைகள் பசி கிடக்கிறார்கள் என்று ஒரு போராட்டம் தொடங்கினான். நியாயமான போராட்டம்தான், அதைக் குறை சொல்லக்கூடாது. மென்சாவின் பொறுப்பாளர் லோமன் சரி என்றார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். அனுபவமுள்ள ஊழியர் ஒருவராவது பின்னேர வேலைக்குத் தானாக முன்வரவேண்டும். வெள்ளைக்காரப் பெண்கள் எல்லோரும் ஏலாது என்று கையை விரித்துவிட்டார்கள். கடைசியாகப் பேர்பெச்சுவாவைக் கூப்பிட்டார்.

அந்த நாளில் அவளுக்குத் தெரிந்த டொச், அதாவது ஜேர்மன் மொழி, தட்டு, கரண்டி, கெதி, காலை வணக்கம் என்பதோடு சரி. கந்தோர் அலுவல் என்றால் நமது ஆட்கள் என்ன செய்வார்கள்? இங்கே வளர்ந்த ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்கள். வைத்தியரிடம் போனாலும், வதிவிட அனுமதி கேட்கப் போனாலும் பிள்ளைதான் வாய். அன்னா சின்னவள். நிலக்ஷன் தானே முன்வந்தான். "நான் வாறன் அன்ரி, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றான். பாவி, அவள் சந்தோசப்பட்டாள்.

லோமனின் அறையில் மூன்று கதிரைகள். பேர்பெச்சுவா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி, எனக்குப் பின்னேர வேலை ஏலாது எண்டு வடிவாச் சொல்லுங்கோ. இவர் மூண்டு மணிக்குப் போயிடுவார். பிள்ளை தனிய இருக்கும். அதைச் சொல்லுங்கோ" என்றாள்.

நிலக்ஷன் நீளமாகச் சொன்னான். கையை நெஞ்சில் வைத்துக்கூடச் சொன்னான். கேட்கக் கேட்க லோமனின் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்னவாம் தம்பி?"

"விளங்குதாம் அன்ரி. ஆனா பின்னேரம் வராட்டி அடுத்த முறை உங்கட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டினமாம். தனக்கும் வேற வழியில்லையாம்."

"சிரிச்சுக்கொண்டெல்லே சொல்றார்?"

"இஞ்ச அப்பிடித்தான் அன்ரி. சிரிச்சுக்கொண்டுதான் கழுத்தை அறுப்பினம்."

அவள் கையெழுத்துப் போட்டாள். வேறென்ன செய்வாள்? வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். வேலை போனால் வீடும் போகும் என்ற பயம் ஏற்கனவே வயிற்றில் இருந்தது. அன்றிலிருந்து மத்தியானம் போய், முன்புறக் கவுண்டரில் நின்று சாப்பாடு பரிமாறி, இரவு ஒன்பதுக்குப் பிறகு திரும்பி வந்தாள். அந்த ஒரு வருடம் அன்னா பின்னேரச் சாப்பாட்டைத் தனியத்தான் சாப்பிட்டாள். தாய் வரும்போது சில நாள் நித்திரையாகிவிட்டிருப்பாள். சீருடைகூட மாற்றாமல் பேர்பெச்சுவா அந்தக் கட்டிலடியில் இருந்து, தூங்குகிற பிள்ளையிடம் பள்ளிக்கூடக் கதை கேட்பாள். இதைவிடக் கேவலம் உண்டா?

மாரியில் ஒரு நாள் வீட்டில் மின்சாரம் நின்றுவிட்டது. பிள்ளை இருட்டுக்குப் பயந்து படிக்கட்டில் வந்து குந்தியிருந்தது. கீழ்வீட்டு மனிசி கண்டு உள்ளே கூட்டிப்போனாள். பேர்பெச்சுவா வந்ததும் அந்த மனிசி கோபப்படாமல், ஆனால் தெளிவாகச் சொன்னாள்: இன்னொரு முறை இப்படி நடந்தால் யூகன்ட்அம்டுக்கு அறிவிப்பேன். யூகன்ட்அம்ட் என்றால் பிள்ளைகளைப் பார்க்கிற அரச அலுவலகம். தாய் தகப்பன் சரியில்லை என்று கண்டால் பிள்ளையைக் கொண்டுபோகவும் அதிகாரம் உண்டு. அன்று தொடங்கியது பேர்பெச்சுவாவுக்கு நெஞ்சிடி. கவுண்டரில் கீரையும் உருளைக்கிழங்கும் அள்ளி வைத்துக்கொண்டே, இப்போது யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்களோ என்று செத்துச் செத்துப் பிழைத்தாள்.

இது போதாதென்று, மாதத்தில் ஒரு ஞாயிறு நடக்கிற தமிழ்ப் பூசையில் புஸ்பவதி வாய்கூசாமல் கதை பரப்பினாள். "பேர்பெச்சுவாவுக்குப் பின்னேர வேலை எண்டால் கொண்டாட்டம். கூடக் காசு வருதெல்லே. பிள்ளையைப் பற்றி என்ன கவலை?" கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவளிடம் ஒருத்தி, "காசு எப்பவும் உழைக்கலாம் பேர்பெச்சுவா, பிள்ளையைப் பாருங்கோ" என்று புத்தியும் சொன்னாள். அந்த வாய்க்கு ஒரு பூட்டு இல்லையே!

ஒன்று மட்டும் நடந்தது. பின்புறத்தில் இயந்திரத்தோடு நின்றவளுக்கு முன்புறக் கவுண்டரில் வாய் வந்தது. மாணவர்கள் கேட்பார்கள், சிரிப்பார்கள், சண்டை பிடிப்பார்கள். கேட்டுக் கேட்டு, பதில் சொல்லிச் சொல்லி, டொச் அவளுக்குப் பிடிபட்டது. பிழை பிழையாகத்தான் பேசினாள். ஆனால் மற்றவர்கள் பேசுவது விளங்கியது. நிலக்ஷனுக்கு அது தெரியாது. அவன்தான் அந்தப் பக்கமே வருவதில்லையே, தன்னுடைய வெற்றியில் ஒரு பிடி சாப்பிட்டுப் பார்க்க.

அந்த வருடம் மாணவர் தலைமைத்துவத்துக்கும் சேவைக்கும் பல்கலைக்கழகம் கொடுக்கிற பரிசு நிலக்ஷனுக்குக் கிடைத்தது. பின்னேர மென்சாவைக் கொண்டுவந்ததற்காக. புஸ்பவதிக்குக் கால் நிலத்தில் படவில்லை. விழா நாளன்று கூறைச்சேலை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, கிறிஸ்தோப்பர் அண்ணையோடு முன்வரிசையில் போய் இருந்தாள். பேர்பெச்சுவாவும் அங்கேதான் நின்றாள், கறுப்புச் சட்டையும் வெள்ளை ஏப்ரனுமாக, பானக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டத்தோடு. விருந்தாளிகளுக்குப் பரிமாற மென்சா ஆட்களைத்தான் போட்டிருந்தார்கள்.

புகழுரை லோமனுடையது. மனிசன் எளிமையாகப் பேசினார். அதுதான் வினையாயிற்று, அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

தொடக்கத்தில் ஊழியர் ஒருவரும் முன்வரவில்லை என்றார். ஒருவரையும் கட்டாயப்படுத்த எங்களுக்கு மனமில்லை, ஆகவே திட்டத்தைக் கைவிடவே இருந்தேன் என்றார். அப்போதுதான் நிலக்ஷன் தன்னுடைய சமூகத்துப் பெண் ஒருவரோடு என் அறைக்கு வந்தார். "பசித்திருக்கிற மாணவர்கள் எனக்கும் பிள்ளைகள்தான், நான் மனதார வருகிறேன்" என்று அந்தப் பெண் சொன்னதை இவர் மொழிபெயர்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலைமைத்துவம் என்றால் இதுதான், மற்றவர்களின் மனதைத் திறக்கத் தெரியவேண்டும். இதோ, அந்தப் பெண் இங்கேயே நிற்கிறார்!

மண்டபம் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. பேர்பெச்சுவா தட்டத்தோடு நின்றாள். முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஒவ்வொன்றாக ஓடியது. நெஞ்சில் வைத்த கை. குலுக்கிய கை. ஒப்பந்தத்தைப் பற்றி லோமன் ஒரு சொல்லும் சொல்லவில்லை! அவள் ஏலாது என்றிருந்தால் அந்த மனிசன் சரி என்று விட்டிருப்பார். அவள் ஏலாது என்றுதானே சொன்னாள்! மேடையில் நின்ற நிலக்ஷன் அவளைப் பார்த்தான். அவளுடைய முகத்தைக் கண்டதும், இந்த மனிசிக்கு விளங்கிவிட்டது என்று அவனுக்கும் விளங்கிவிட்டது.

அவள் தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சமையல் பகுதிக்குப் போனாள். சிறிது நேரத்தில் அவன் பூச்செண்டும் கையுமாக ஓடி வந்தான்.

"அன்ரி, பிறகு ஆறுதலாக் கதைப்பம். லோமன் இப்ப உங்களோட கதைக்க வாறார். நீங்கள் ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"நான் ஏலாது எண்டெல்லோ சொன்னனான்?"

"அப்ப ஒருத்தரும் வரேல்லை அன்ரி. எல்லாம் நிண்டுபோயிருக்கும். எத்தினை பிள்ளையள் பயனடையுதுகள் தெரியுமே?"

"என்ர பிள்ளையும் ஒரு பிள்ளைதானடா!"

சத்தம் கேட்டுப் புஸ்பவதி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். விசயத்தை மகன் முணுமுணுத்தான். அவள் அதிரவில்லை, கோபம்தான் வந்தது.

"சரி, ஏதோ பொடியன் நல்லதுக்கு ஒரு சொல்லை மாத்திப் போட்டான். அதுக்கு இண்டைக்கே எழும்பி நிக்கோணுமே? இந்த வேலை உனக்கு ஆரால வந்தது?"

"உங்களாலதான் அக்கா. அதுக்கு ஏழு வருசமா உங்கட வீட்டில சட்டி தூக்கிப் போட்டன், அந்தக் கணக்கு சரி. என்ர பிள்ளை இருட்டுக்க குந்தியிருந்ததுக்கு நீங்கள் என்ன தருவியள்?"

புஸ்பவதி வாய் திறக்க முன்னமே லோமன் வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. நன்றி சொல்லக் கையை நீட்டினார். பேர்பெச்சுவா அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

அவளுக்குத் தெரிந்த டொச்சில், இலக்கணமெல்லாம் நொறுங்க நொறுங்கச் சொன்னாள்: "நான் இல்லை என்று சொன்னேன். அன்றைக்கு, உங்கள் அறையில். என் பிள்ளைக்கு ஒன்பது வயது, பின்னேரம் தனியே இருக்கிறது. இவன் உங்களிடம் வேறு சொன்னான். என்னிடம் வேறு சொன்னான். நான் வராவிட்டால் வேலை இல்லை என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னான்."

லோமனின் கை அப்படியே நின்றது. நிலக்ஷன் இடையில் புகுந்து, அன்ரி சொல்ல வருவது என்னவென்றால் என்று டொச்சில் தொடங்கினான்.

"நீ பொத்து வாயை" என்றாள் பேர்பெச்சுவா தமிழில். பிறகு லோமனைப் பார்த்து, "இவன் மொழிபெயர்க்கத் தேவையில்லை" என்றாள்.

லோமன் நிலக்ஷனை நெடுநேரம் பார்த்தார். அவன் பூச்செண்டைப் பார்த்தான். திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் காலையில் வாருங்கள், இப்போதே வீட்டுக்குப் போங்கள் என்றார் லோமன். அவ்வளவுதான். பரிசைப் பிடுங்கவில்லை. மறுநாள் பேப்பரில் படம் வந்தது, அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான்.

உடுப்பு மாற்றாமல், வீட்டுக் கதவின் திறப்பைக்கூட மென்சா அலுமாரிக்குள் விட்டுவிட்டு, பேர்பெச்சுவா ஓடிப்போய் பஸ் பிடித்தாள். கோடை வெயில் இன்னும் இறங்கவில்லை. இந்த வெளிச்சத்தில் வீட்டுக்குப் போய் ஒரு வருடமாகிறது. அந்தச் சந்தோசத்தில் மனமும் கொஞ்சம் இளகியது. என்ன இருந்தாலும் இருபத்திரண்டு வயதுப் பொடியன், பேராசை கண்ணை மறைத்துவிட்டது, ஞாயிறு பூசையில் புஸ்பக்காவோடு நானே போய் ஒரு வார்த்தை கதைப்பம் என்றுகூட நினைத்தாள்.

மூன்றாம் மாடிக்கு ஏறி மணியை அடித்தாள். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் சட்டென்று நின்றது. சின்னக் காலடி கதவுவரை வந்தது.

"அம்மா குளிக்கிறா" என்றது அன்னாவின் குரல், அச்சுப் பிசகாத டொச்சில். "பிறகு வாங்கோ."

மின்சாரம் நின்ற நாளுக்குப் பிறகு பேர்பெச்சுவாவே பழக்கிக் கொடுத்த பொய் அது. பிள்ளை தனிய இருப்பது வெளியே தெரியக்கூடாது என்பதற்காக. ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. எத்தனை தரம் சொல்லியிருந்தால் ஒரு பொய் இப்படி வழுக்கிக்கொண்டு வரும்?

"அன்னா, நான்தானம்மா. கதவைத் திற."

கதவு திறக்கவில்லை. பிள்ளை யோசிக்கிறது என்று அவளுக்கு விளங்கியது. தாய் மணி அடித்து வந்ததே இல்லை, எந்நாளும் திறப்பால் திறந்துதான் வருவாள். பிறகு அதே குரல், இந்த முறை கொஞ்சம் உரத்து வந்தது.

"என்ர அம்மா இந்த நேரத்துக்கு வாறேல்லை. அம்மா குளிக்கிறா."

பேர்பெச்சுவா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். புஸ்பவதிக்கென்று வைத்திருந்த அந்த ஒரு வார்த்தை அதோடு போயிற்று. ஞாயிறு பூசையிலும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.